இரட்டைக் கண்ணாடிக்குள் ஊசிப்புல்

எங்கள் ஊருக்கு வந்த முதல் வாரம் முழுக்க யுஸ்தீனா வாய்விட்டு அழுதாள். பின்னாளில் அவளே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கார்ப்பாத்திய மலையில் பிறந்தவள். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஆறு வருஷம் கழித்து, எங்கோ உட்கார்ந்திருந்த யாரோ எல்லைக் கோட்டை மாற்றி வரைந்ததில் அவள் கிராமமே காலியானது. மாடு கன்று, பெட்டி படுக்கையோடு எல்லோரையும் சரக்கு ரயிலில் ஏற்றிக் கருங்கடலுக்கு வடக்கே, எங்கள் பொலினிவ்காவில் கொண்டுவந்து இறக்கினார்கள். இறங்கிப் பார்த்தால் மரம் என்று சொல்ல ஒன்றில்லை. கண் போய் முட்ட ஒரு மேடில்லை. "இங்க சூரியன் எதுக்குப் பின்னாடிம்மா மறையும்?" என்று தாயைக் கேட்டாளாம். எங்களுக்கெல்லாம் சுருக்கென்றது. புல்வெளியில் என்ன குறையைக் கண்டாள் இவள் என்று முணுமுணுத்தோம்.

அப்புறம் மே மாதம் வந்தது. இறகுப்புல் பூத்தது.

பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு தாளின் நுனியிலிருந்தும் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளை இழை கிளம்பும். இழை முழுக்கப் பஞ்சு போன்ற மயிர். ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் ஒன்றுமில்லை, ஊதினால் பறந்துவிடும். ஆனால் அடிவானம் வரைக்கும் அது ஒன்றாக எழும்பித் தாழும்போது பூமியே பால் பொங்குகிற மாதிரி இருக்கும். கிணற்றடிக்குப் போன யுஸ்தீனா வாளியை வைத்தது வைத்தபடி ஒரு மணி நேரம் நின்றுவிட்டாள். ஆட்டு மந்தையோடு அந்த வழியாக வந்தான் ஒமெல்கோ.

"என்ன பொண்ணு, எதையாவது தொலைச்சுட்டியா?"

"இல்ல. இது எங்க போய் முடியுதுன்னு பாக்குறேன்."

"நான் பொறந்ததுலேருந்து பாக்குறேன். முடிஞ்சபாடில்ல."

அடுத்த வருஷம் இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆனது.

ஒமெல்கோவின் தாய் மோத்ரியா. பேச்சு குறைவு, பேசினால் மிளகாய். புருஷன் ஹவ்ரிலோவும் ஆடு மேய்த்தவன்தான். ஒமெல்கோ தொட்டிலில் கிடந்த குளிர்காலத்தில் மந்தையோடு போனவன் பனிப்புயலில் மாட்டிக்கொண்டு, பனி உருகிய பிறகுதான் கிடைத்தான். அன்று கட்டிய கறுப்புத் துணியை மோத்ரியா தலையிலிருந்து அவிழ்க்கவில்லை. ஒற்றை ஆளாக மகனை வளர்த்தாள். மருமகள் வந்த முதல் நாளே ஒரு விஷயத்தைக் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இந்தா பாரு, நீ மலைக்காரி, உனக்குத் தெரியாது. இறகுப்புல்லை எங்க வேணா நின்னு பாரு, கண்குளிரப் பாரு. வாசப்படி தாண்டிக் கொண்டுவராத. அது வந்த வீட்டுல பொம்பள கறுப்புத் துணி கட்டுவா."

இது மோத்ரியா சொன்னது மட்டுமல்ல, ஊரே சொல்வது. புல்வெளியில் எத்தனை அழகாக இருந்தாலும் அது எங்கள் வீடுகளுக்குள் வந்ததே கிடையாது. யுஸ்தீனா தலையை ஆட்டிக்கொண்டாள். ஆனால் அவள் பிறந்த வீட்டில் குளிர்காலத்துக்குச் சுவரெல்லாம் ஊசியிலைக் கிளை செருகுவார்கள். இங்கே செருக என்ன இருக்கிறது? வறட்டி அடுக்கிய சுவரைப் பார்த்துக்கொண்டு ஆறு மாதம் எப்படி உட்கார்ந்திருப்பது?

எங்கள் ஊர் ஜன்னலைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அக்டோபர் நடுவில், மாதாவின் முக்காட்டுத் திருநாளுக்கு மறுநாள், ஒவ்வொரு ஜன்னலுக்கும் இரண்டாவது கண்ணாடிச் சட்டத்தை மாட்டுவோம். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஒரு சாண் இடம். அதில் பஞ்சு பரப்பி, ஈரம் இழுக்க ஒரு கிண்ணத்தில் உப்பு வைத்து, மிச்ச இடத்தில் அவரவர் கைவரிசையைக் காட்டுவார்கள். சிவப்புப் பழக்கொத்து, வாடாப்பூ, காகிதச் சேவல் என்று தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிற மாதிரி ஜோடிப்பார்கள். பிறகு மாவுப் பசையில் காகிதப் பட்டை நனைத்து இடுக்கெல்லாம் ஒட்டினால் முடிந்தது. வசந்தத் திருநாள் வரை திறக்கக் கூடாது. நடுவில் பிரித்தால் அந்த வழியாகவே பிணம் போகும் என்பார்கள்.

மோத்ரியாவுக்கு முழங்கால் வலி. "முன்னறை ஜன்னலை நீயே ஜோடி" என்று மருமகளிடம் விட்டுவிட்டாள். அங்கேதான் வந்தது வினை.

யுஸ்தீனா மே மாதத்தில் அறுத்த இறகுப்புல்லை மாட்டுத் தொழுவத்து உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்தி வைத்திருந்தாள். அதோடு ஆகஸ்டில் வரும் ஊசிப்புல்லும் ஒரு கட்டு. அதில் பஞ்சு கிடையாது, பொன் நிறத்தில் முடி முடியாகத் தொங்கும். மலைக்காரி அதை நன்றாக முற்றிய பிறகு அறுத்தாள். எங்கள் ஊர்க் குழந்தைகூட அந்தத் தப்பைச் செய்யாது. முற்றிய ஊசிப்புல்லின் விதை ஊசி மாதிரி. துணியில் ஏறும், கம்பளியில் ஏறும், ஆட்டின் ரோமத்துக்குள் நுழைந்து தோலையும் துளைத்துச் சதைக்குள் போய்விடும். மேய்ப்பவர்கள் அதன் பெயரைச் சொன்னாலே காறித் துப்புவார்கள். அதையும் இறகுப்புல்லையும் சேர்த்துப் பஞ்சின் மேல் நிறுத்தி, பட்டையும் ஒட்டிவிட்டாள். வாசப்படி வழியாக எடுத்துப் போகவில்லை, வெளியே நின்று சட்டத்தை மாட்டும்போதே வைத்தாள். அவள் கணக்கில் அது வீட்டுக்குள் வரவேயில்லை.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு ஹிவ்ரியா தெருவில் நின்று கத்தினாள். "அடிப் பாவி! மோத்ரியாக்கா! உங்க வீட்டு ஜன்னலைப் பாத்தீங்களா? உங்க மருமக மகனுக்குக் குழி வெட்டி வெச்சிருக்கா!"

மோத்ரியா வந்து பார்த்தாள். முகம் வெளுத்துப்போய் வேலியைப் பிடித்துக்கொண்டாள். "எடு அதை. இப்பவே எடு."

"எப்படிம்மா எடுக்கறது? ஒட்டியாச்சே" என்றாள் யுஸ்தீனா.

"ஆமா, ஒட்டின ஜன்னலைப் பிரிக்கவா சொல்றீங்க?" என்று ஹிவ்ரியா இந்தப் பக்கம் தாவினாள். "அது இன்னும் மோசம்."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?"

"எனக்கென்ன தெரியும்? நான் பாத்ததைச் சொன்னேன்."

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. அது வீட்டுக்குள்ள இல்லையே. உள்கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தானே இருக்கு?"

"வெளியிலயும் இல்லையேடி! வெளிக்கண்ணாடிக்கு இந்தப் பக்கம்ல இருக்கு!"

உள்ளேயா வெளியேயா என்று ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒரு வாரம் சண்டை போட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஒமெல்கோவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நான் ஆட்டு மேலேருந்து பிடுங்கி எறியறதை என் பொண்டாட்டி ஜன்னல்ல வெச்சு அழகு பாக்குறா" என்று போகிற இடமெல்லாம் சொன்னான். மோத்ரியா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து முன்னறைக்குள் காலெடுத்து வைப்பதை நிறுத்தினாள். தெருவில் போகும்போதும் ஜன்னலைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். மருமகளோடு பேச்சும் அறுந்துபோனது. ஒமெல்கோ மந்தையோடு போகிற ஒவ்வொரு காலையிலும் வாசலில் நின்று அவன் புள்ளியாகிற வரை பார்ப்பாள். யுஸ்தீனாவும் பார்ப்பாள். மாமியாரை எதிர்த்துப் பேசிய வாய்தான், ஆனால் உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால்? அந்தப் புல்லை வைத்த கை இதுதானே?

நவம்பரில் ஒரு நாள் முன்னறையைக் கூட்டப் போனவள் துடைப்பத்தோடு அப்படியே நின்றாள்.

ஊசிப்புல்லின் விதைகள் தாளை விட்டுக் கழன்று விழுந்திருந்தன. விழுந்தவை கிடக்கவில்லை. ஒவ்வொன்றும் மூக்கைப் பஞ்சில் குத்தி, வாலை மேலே தூக்கி நின்றுகொண்டிருந்தது. இருபது முப்பது இருக்கும். யாரோ உட்கார்ந்து நட்டது போல. வால் அடிப்பாகத்தில் கயிறாக முறுக்கி, பாதியில் முழங்கால் மாதிரி மடங்கி, மிச்சம் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருக்க, அதில் ஒன்று நகர்ந்தது. கடிகார முள் போல, மெல்ல, மிக மெல்ல, ஒரு கால் வட்டம் சுற்றியது. பட்டை ஒட்டிய ஜன்னல். காற்றில்லை. மூன்று மாதத்துக்கு முன் அறுத்த புல்.

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒமெல்கோவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"ஐயோ, புல்லு நடக்குது பாரு!"

"உனக்குக் காய்ச்சலா?" என்றபடி குனிந்தவன் சிலுவை போட்டுக்கொண்டான். "செத்த புல்லுடி இது. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத."

பயந்தவள்தான், ஆனால் சும்மா இருக்கிறவள் இல்லை. தொழுவத்தில் மிச்சமிருந்த விதைகளை எடுத்து வந்து கம்பளியில் குத்தி, உருளைக்கிழங்கு வேகும் பானையின் ஆவியில் காட்டினாள். முறுக்கு அவிழ்ந்து, மடங்கிய வால் நிமிர்ந்து நேராக நின்றது. அடுப்போரம் வைத்தாள். திரும்பவும் முறுக்கிக்கொண்டு மடங்கியது. இன்னொரு தடவை. மறுபடியும். கம்பளியிலிருந்து பிடுங்கிப் பார்த்தால், முறுக்கி அவிழ்கிற ஒவ்வொரு தடவையும் மூக்கு இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போயிருந்தது. மண்ணைத் துளைக்கத்தான் இந்த வித்தை என்று அவளுக்கு அப்போது புரிந்தது. கையில்லை, காலில்லை, உயிரும் போய்விட்டது. ஆனாலும் ஈரம் வந்தால் தெரிந்துகொள்கிறது, காய்ந்தால் தெரிந்துகொள்கிறது, தன்னைத் தானே விதைத்துக்கொள்கிறது. அடிவானம் வரை நிற்கிற அத்தனை புல்லும் இப்படித்தான் தன்னை நட்டுக்கொண்டதா? நினைக்க நினைக்கத் தலை சுற்றியது. தரையில் உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள், கிழங்கையும் அடிப்பிடிக்க விட்டாள்.

அதன் பிறகு தினமும் ஜன்னலைப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமானது. வெளிக்கண்ணாடியில் உறைபனி படர்ந்து தெருவுக்கு எதுவும் தெரியாமல் போன பின்னும் உள்ளிருந்து அவளுக்குத் தெரிந்தது. சட்டத்தின் இடுக்கு வழியாகக் கசிகிற வெளிக்காற்றில் புல் எதையோ முகர்ந்தது. வறண்ட குளிரில் எல்லாம் மடங்கியே இருக்கும். டிசம்பரில் மூன்று தடவை, ஜனவரியில் இரண்டு தடவை, எல்லா வாலும் ஒன்றாக நிமிர்ந்தது. ஐந்து தடவையும் அரை நாளுக்குள் கடலிலிருந்து ஈரக்காற்று வந்தது. நிமிரும்போது வானம் பளிச்சென்று நீலமாகத்தான் இருந்தது. கடல் காற்று என்றால் எங்களுக்குத் தென்றல் இல்லை. பனிக்கட்டி மழை. விழுகிற துளி விழுந்த இடத்திலேயே கண்ணாடியாகும். ஆட்டின் முதுகில் விழுந்தால் ஆடு நடமாடும் பனிக்கட்டி, அரை நாளில் பிணம். மேய்ப்பவனுக்கும் அதே கதிதான்.

பிப்ரவரியில் வைக்கோல் குறைந்தது. ஊர்க் கூட்டுப்பண்ணையின் மேஸ்திரி சிதிர், எட்டுக் கிலோமீட்டர் தள்ளி, காற்று பனியைத் துடைத்துப் போட்ட ஒரு பள்ளத்துக்கு மந்தையை ஓட்டச் சொன்னான். ஒமெல்கோ விடியலில் கிளம்பினான். நல்ல வெயில், காற்றில்லை, மூக்கு நுனி கடுக்கிற வறண்ட குளிர். மோத்ரியா வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

பத்து மணிக்கு யுஸ்தீனா முன்னறைக்குள் போனாள். அத்தனை வாலும் நிமிர்ந்து நின்றது. முறுக்கே இல்லை. இதற்கு முன் இவ்வளவு நேராக அவள் பார்த்ததில்லை.

சால்வையை இழுத்துப் போட்டுக்கொண்டு சிதிரிடம் ஓடினாள். அவன் வண்டிச் சக்கரத்துக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தான்.

"மந்தையைத் திருப்புங்க. மதியத்துக்குள்ள ஐஸ் மழை வருது."

"யார் சொன்னா?"

"எங்க ஜன்னல்ல இருக்கற புல்லு."

சிதிர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "புல்லு பேசுதா? அப்ப பட்டணத்துல வானிலை ஆபீஸை இழுத்து மூடிட்டு உங்க வீட்டு வாசல்ல வரிசையில நிக்க வேண்டியதுதான். போம்மா, போய் புருஷனுக்குக் கஞ்சி வெச்சு வை."

அவள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். நாலு மாதமாகப் பேசாத மாமியாரிடம் போய் நின்றாள்.

"அம்மா, என்னை என்ன வேணா சொல்லுங்க. அந்தப் புல்லு ஈரக்காத்தை முன்கூட்டியே காட்டுது. அஞ்சு தடவை பாத்துட்டேன். இன்னிக்கு எல்லாம் நிமிந்து நிக்குது. அவர் அங்க இருக்காரு."

மோத்ரியா கையிலிருந்த கரண்டியை வைத்தாள். எழுந்து, அக்டோபருக்குப் பிறகு முதல் முறையாக முன்னறைக்குள் போனாள். ஜன்னல் முன்னால் நின்றாள்.

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"சிதிர் என்ன சொன்னான்?"

"சிரிச்சான்."

"அவனுக்கு என்ன தெரியும், முட்டாப்பய! இதைப் பாத்துப் பயந்தவளுக்குத்தான் இதோட பலம் தெரியும்." மோத்ரியா மகனின் பழைய கம்பளிப் பூட்ஸை எடுத்து மருமகளின் முன்னால் போட்டாள். "உனக்குக் காலு இருக்கு, ஓடு. எனக்குக் கை இருக்கு. நான் தண்டவாளத்தை அடிக்கறேன்."

பண்ணை முற்றத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். பனிப்புயலில் வழி தெரியாதவர்களுக்காக அடிப்பது. வெயில் காய்கிற பட்டப்பகலில் மோத்ரியா அதை அடிக்கத் தொடங்கினாள். ஊர் கூடிவிட்டது. கிழவிக்குப் பைத்தியம் என்றார்கள். ஹிவ்ரியா, "நான் அன்னிக்கே சொன்னேன்ல, அந்தப் புல்லு குடும்பத்தையே பிடிச்சுக்கும்னு" என்றாள். மோத்ரியா யாரையும் பார்க்காமல் அடித்துக்கொண்டிருந்தாள்.

யுஸ்தீனா எட்டுக் கிலோமீட்டர் ஓடினாள், நடந்தாள், விழுந்தாள், மறுபடி ஓடினாள். ஒமெல்கோ அவளைத் தூரத்தில் கண்டதும் அம்மாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தான்.

"திருப்பு! மந்தையைத் திருப்பு!"

"என்ன ஆச்சு?"

"வாலெல்லாம் நிமிந்துடுச்சு!"

அவன் வானத்தைப் பார்த்தான். சிரிக்க வாயெடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "ஆடு இப்பத்தான் மேய ஆரம்பிச்சுருக்கு. பொய்யாப் போச்சுன்னா சிதிர் என்னை உரிச்சுடுவான்."

"பொய்யாப் போகட்டும். உரிக்கட்டும். நீ வா."

திருப்பினார்கள். பாதி வழி வந்திருப்பார்கள், தெற்கே அடிவானத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. ஒமெல்கோ அதைப் பார்த்து, மனைவியைப் பார்த்து, கோலை ஓங்கி மந்தையை விரட்டினான். கால் மணி நேரத்தில் வெயில் போனது. முதல் துளி அவன் கைமேல் விழுந்து உறைந்தது. அதன் பிறகு பூமியும் வானமும் ஒரே சாம்பல். தரை கண்ணாடியானது. ஆடுகள் வழுக்கி ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன, ரோமம் கலகலவென்று சத்தம் போட்டது. இமை ஒட்டிக்கொண்டது. எந்தத் திசையில் ஊர் என்று இருவருக்கும் தெரியவில்லை. அந்தத் தண்டவாளச் சத்தம் மட்டும் எங்கிருந்தோ, மெலிதாக, விடாமல் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அது நிற்கிற மாதிரித் தோன்றிய இடத்தில் நின்றார்கள், கேட்ட பிறகு நடந்தார்கள்.

பொழுது சாய்கிற வேளைக்குக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார்கள். பதினோரு ஆடு வழியில் போனது. முந்நூறு பிழைத்தது. சிதிர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். தொப்பியைக் கழற்றி யுஸ்தீனாவுக்குத் தலை குனிந்தான். ஹிவ்ரியாவும்தான் அங்கே நின்றாள். அவள் வாய் மூடியிருந்ததை ஊர் அன்றுதான் பார்த்தது.

தண்டவாளச் சத்தம் இன்னும் நிற்கவில்லை. ஒமெல்கோ போய்த் தாயின் மணிக்கட்டைப் பிடித்தான். "அம்மா, வந்துட்டேன். போதும்மா." மோத்ரியாவின் கையுறை கிழிந்து இரும்புக் கம்பி ரத்தமாக இருந்தது. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் கம்பியை வாங்க முடிந்தது. மகனின் முகத்தைத் தடவிப் பார்த்தாள். அழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேராக முன்னறைக்குப் போய் ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்தாள். யுஸ்தீனா வெந்நீர் கொண்டுவந்து அவள் கைகளை அதில் வைத்தாள். கைகளை நீரில் வைத்தபடியே மோத்ரியா பேசினாள்.

"ஹவ்ரிலோ போறதுக்கு முந்தின மே மாசம், நானும் ஒரு கொத்து அறுத்துட்டு வந்தேன்."

இருவரும் அவளையே பார்த்தார்கள்.

"ஊர் சொன்னது தெரியும். தெரிஞ்சும் கொண்டுவந்தேன். உன் தொட்டில் தலைமாட்டுல மண் ஜாடியில வெச்சேன். அவ்வளவு அழகா இருந்துச்சுடா. அவன் திட்டல, சிரிச்சான். பிப்ரவரியில போனான், வரல. அடுப்புல போட்டு எரிச்சுட்டேன். யாருக்கும் தெரியாது. இருபத்தேழு வருஷமா யார்கிட்டயும் சொல்லல. புருஷனைக் கொன்னவள்னு எந்த வாயால சொல்றது?"

அவள் புல்லைப் பார்த்தாள். ஈரத்தில் அது இன்னும் நேராக நின்றிருந்தது. பிறகு மகனைப் பார்த்தாள்.

"புல்லும் இங்க இருக்கு. நீயும் இருக்க." கைகளை நீரிலிருந்து வெளியே எடுத்தாள். "அப்ப... நான் அவனைக் கொல்லலையாடா?"

யுஸ்தீனா அவள் ஈரக் கைகளைத் தன் கைகளுக்குள் எடுத்துக்கொண்டாள்.

"இல்லம்மா. நீங்க கொல்லல."

"இன்னொரு தடவை சொல்லு."

"நீங்க கொல்லலம்மா."

மோத்ரியா தலையிலிருந்த கறுப்புத் துணியை முகத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, இருபத்தேழு வருஷத்தையும் சேர்த்து அழுதாள்.